கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். கே. எஸ். கிருஷ்ணன் என்று பரவலாக அறியப்படும் இவர், சர் சி. வி. இராமனுடன் இணைந்து 1928 ஆம் ஆண்டில் இராமன் விளைவு பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டவர். புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார்.

பொதுவாகக் கிருஷ்ணனின் பெயர் இராமன் விளைவுடன் சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. எனினும், அவர் தாமே தலைமை தாங்கி நடத்திய பெரும் ஆய்வு படிகங்களின் காந்தப் பண்புகளைப் பற்றியது. ஓர் உலோக அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகளோ பிற அணுக்களோ எந்த வடிவில் அமைந்துள்ளன என்பதையும், அந்த அமைப்பு அயனியின் எலக்ட்ரான்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் அந்த ஆய்வுகள் காந்த அளவீடுகளின் வழியே வெளிப்படுத்தின. இன்று அணைவு வேதியியலில் பாடமாகக் கற்பிக்கப்படும் படிகப்புலக் கொள்கைக்கு உறுதியான சோதனைச் சான்றுகளுள் சில, 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவரும் அவருடைய மாணவர்களும் செய்த அளவீடுகளிலிருந்து கிடைத்தவை.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆனால் கிருஷ்ணன் பிறந்த காலத்தில் திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கை நடுவில் கொண்ட அந்தப் பெரிய மாவட்டத்திலிருந்து வடக்கு வட்டங்கள் சில 1910 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டு, புதிதாக அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டன. விருதுநகர் மாவட்டம் 1985 ஆம் ஆண்டில் உருவானது. இதனால் கிருஷ்ணனின் சொந்த மாவட்டம் நூலுக்கு நூல் வேறுபட்டுக் காணப்படலாம்; ஊர் ஒன்றே.

இவருடைய தந்தையார் வேளாண்மையைத் தொழிலாகக் கொண்டவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். அந்த இரு மொழி இலக்கியங்களின் மீதும் கிருஷ்ணனுக்கு இளமையிலேயே உண்டான பற்று வாழ்நாள் முழுவதும் நீடித்தது. இந்து உயர்நிலைப் பள்ளியில் பள்ளிக்கல்வியை முடித்த பின்னர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு

பட்டம் பெற்றதும் கிருஷ்ணன் வேதியியல் துறையில் செய்முறைப் பயிற்றுநராகப் பணியில் சேர்ந்தார். பின்னாளில் இயற்பியலாளராகவே அறியப்பட்ட ஒருவரின் முதற் பணி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமைந்தது குறிப்பிடத்தக்கது. நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் எந்த ஐயத்தையும் கேட்கலாம் என்ற வழக்கம் ஒன்றை அவர் ஏற்படுத்தினார். பிற கல்லூரிகளின் மாணவர்களும் இந்தக் கலந்துரையாடலுக்கு வந்து சென்றனர்.

1920 ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா சென்று, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1923 ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் இராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876 ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கழகம் அப்போது பௌபஜார் தெருவில் இயங்கி வந்தது. அங்கு கிருஷ்ணன் நீர்மங்களில் ஒளி சிதறுவதைப் பற்றி ஆராய்ந்தார்.

இந்தக் காலத்தில் அவரும் இராமனும் செய்த மற்றொரு பணியும் உண்டு. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட சில நீர்மங்கள் ஒளியை இரட்டை விலகலுக்கு உட்படுத்துகின்றன. நீர்மத்தின் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் காந்தமாகாமல் இருப்பதால், அவை புலத்தின் திசைக்கு ஏற்பச் சற்றே ஒழுங்குபடுகின்றன என்பதே அதன் காரணம். இதற்கான கொள்கை ஒன்றை இருவரும் 1927 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு மூலக்கூறின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறும் என்னும் இந்தக் கருத்தே பின்னர் கிருஷ்ணனின் தனி ஆய்வுகளுக்கு வித்தாக அமைந்தது.

இராமன் விளைவு

1928 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தூய்மையாக்கப்பட்ட நீர்மங்களின் வழியே செறிவான ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு பகுதி இருப்பதை இராமனும் கிருஷ்ணனும் ஆராய்ந்தனர். பல்வேறு நீர்மங்களிலும் ஆவிகளிலும் இந்த மாறிய ஒளியைக் கண்டறிவதிலும், அது முனைவாக்கம் பெற்றுள்ளதைச் சோதிப்பதிலும் கிருஷ்ணனின் பங்கு பெரிது. புதிய வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சைப் பற்றி இருவர் பெயராலும் எழுதப்பட்ட குறிப்பு, நேச்சர் ஆய்விதழில் 1928 மார்ச் 31 அன்று வெளிவந்தது. கண்டுபிடிப்பு உறுதி செய்யப்பட்ட பிப்ரவரி 28 ஆம் நாள், 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1930 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிவியல் வரலாற்றாசிரியர்களிடையே விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆய்வின் நோக்கத்தையும் போக்கையும் வகுத்தவர் இராமன் என்பதும், அன்றாடச் சோதனைகளில் உடன் நின்றவர் கிருஷ்ணன் என்பதும் பொதுவாக ஏற்கப்படும் கருத்துகள்.

டாக்காவில் புதிய தொடக்கம்

1928 ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியர் பணியை ஏற்றார். டாக்கா இன்று வங்காளதேசத்தின் தலைநகராகும். அப்போது அங்கு இயற்பியல் துறையின் தலைவராக இருந்தவர் சத்தியேந்திரநாத் போசு. உலகமே இராமன் விளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், கிருஷ்ணன் அத்துறையைத் தொடராமல், படிகங்களின் காந்தப் பண்புகளை அவற்றின் அமைப்போடு தொடர்புபடுத்தும் ஆய்வில் இறங்கினார். சாந்திலால் பானர்ஜி, பி. சி. குகா முதலியோர் அவருடன் இணைந்து பணியாற்றினர்.

காந்தத் திசையொவ்வாப் பண்பு

ஒரு பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதைக் காட்டும் அளவு காந்த ஏற்புத்திறன் எனப்படும். இணையாகாத எலக்ட்ரான்களைக் கொண்ட அயனிகள் புலத்தால் ஈர்க்கப்படுகின்றன. இவை பாரா காந்தப் பொருள்கள். எல்லா எலக்ட்ரான்களும் இணையாக உள்ள பொருள்கள் மிகச் சிறிதளவு விலக்கப்படுகின்றன. இவை டயா காந்தப் பொருள்கள்.

பொடியாக்கிய பொருளில் ஏற்புத்திறனுக்கு ஒரே மதிப்புதான் கிடைக்கும். அதையே ஒற்றைப் படிகமாக எடுத்துக்கொண்டால், புலம் படிகத்தின் எந்தத் திசையில் செயல்படுகிறது என்பதைப் பொறுத்து மதிப்பு மாறக்கூடும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முதன்மைத் திசைகளில் மூன்று வெவ்வேறு மதிப்புகள் இருக்கலாம். இந்த வேறுபாடே காந்தத் திசையொவ்வாப் பண்பு. பொடியில் சராசரியாகிக் கரைந்து போகும் இந்தச் செய்தியில்தான் அணுக்களின் அமைப்பைப் பற்றிய குறிப்பு அடங்கியுள்ளது. கிருஷ்ணன் ஒற்றைப் படிகங்களைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே.

அளவிடும் முறை

இந்தத் துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இசிடோர் ராபி, கந்தகேட்டு இரட்டை உப்புகளின் முதன்மை ஏற்புத்திறன்களை 1927 ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டிருந்தார். கிருஷ்ணன் தம்முடைய ஆய்வகத்தில் கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டே மிகத் துல்லியமான முறை ஒன்றை உருவாக்கினார்.

அம்முறையில் சிறிய படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்சு இழையின் நுனியில் ஒட்டப்பட்டு, சீரான கிடைமட்டக் காந்தப்புலத்தின் நடுவே தொங்கவிடப்படும். கிடைத்தளத்தில் அதிக ஏற்புத்திறன் உள்ள திசை காந்தப்புலத்தை நோக்கித் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை மெல்லத் திருகினால், படிகம் அந்த முறுக்கத்துக்கு இணங்கிச் சிறிதளவே நகரும். காந்தப்புலம் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். படிகம் தன் சமநிலையிலிருந்து 45 பாகை அளவுக்கு விலகும்போது காந்தப்புலத்தின் இழுவிசைத் திருப்பம் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் திருகினால் காந்தப்புலத்தால் படிகத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. படிகம் திடீரெனச் சுழன்று திரும்பிவிடும். அந்தக் கணத்தில் இழையின் மேல்முனை எவ்வளவு திருகப்பட்டிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். இழையின் முறுக்கு மாறிலி, படிகத்தின் நிறை, புலத்தின் வலிமை ஆகியவற்றைக் கொண்டு, அத்தளத்தில் உள்ள இரு முதன்மை ஏற்புத்திறன்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். படிகத்தை வெவ்வேறு நிலைகளில் தொங்கவிட்டு இதனைத் திரும்பச் செய்தால் எல்லா வேறுபாடுகளும் கிடைக்கும்.

இரு பெரிய எண்களைத் தனித்தனியே அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், இரண்டிலும் உள்ள பிழைகள் சேர்ந்து விடையைக் கெடுக்கும். கிருஷ்ணனின் முறையில் வேறுபாடே நேரடியாக அளக்கப்படுகிறது. இதனால் மிக நுண்ணிய திசையொவ்வாப் பண்பையும் அறிய முடிந்தது. எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரியாக இருக்கும் என்று கருதத்தக்க மாங்கனீசு உப்புகளில்கூட மிகச் சிறிய வேறுபாட்டை இம்முறை காட்டியது. இந்த ஆய்வுகளின் முதற் பகுதி 1933 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் தொடர்ச்சிகள் 1939 வரை வெளிவந்தன.

அணைவு அயனிகள் பற்றிய ஆய்வுகள்

1933 ஆம் ஆண்டில் இராமன் பெங்களூர் சென்ற பின், கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அசுதோசு முகர்ஜி என்னும் ஆய்வாளரும், அட்சயானந்த போசும் இங்கு அவருடன் பணியாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இரும்பு, கோபால்ட்டு, நிக்கல், செம்பு ஆகியவற்றின் உப்புகளும், அருமண் தனிமங்களின் உப்புகளும் இங்கு விரிவாக ஆராயப்பட்டன.

மோர் உப்பும் அதன் உறவுகளும்

பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பெர்மாங்கனேட்டுக் கரைசலுக்கு எதிராகத் தரம்பார்க்கப் பயன்படும் மோர் உப்பு, இரும்பும் அம்மோனியமும் கலந்த ஓர் இரட்டைச் சல்பேட்டு. இரும்புக்குப் பதிலாக நிக்கல், கோபால்ட்டு, செம்பு, மாங்கனீசு முதலிய உலோகங்களைக் கொண்டும் இதே வடிவமுள்ள படிகங்களை வளர்க்க இயலும். இவை அனைத்திலும் உலோக அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் அமைந்துள்ளன. இங்கு நீர் மூலக்கூறே ஈனியாகச் செயல்படுகிறது. சூழல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, உலோகம் மட்டும் மாறுவதால், இவ்வுப்புகள் ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றவை.

1929 ஆம் ஆண்டில் ஆன்சு பெத்தே, படிகத்தினுள் உள்ள ஓர் அயனியின் ஆற்றல் மட்டங்கள் அதைச் சூழ்ந்த அணுக்களின் மின்புலத்தால் பிளவுறும் என்று காட்டியிருந்தார். 1932 ஆம் ஆண்டில் ஜான் வான் விளெக் இக்கருத்தைக் காந்தப் பண்புகளுக்குப் பயன்படுத்தினார். எண்முகிச் சூழலில் உள்ள நிக்கல் அயனியின் அடிமட்ட நிலை ஒற்றையானது; அதனால் அதன் காந்தப் பண்பு திசையால் அதிகம் மாறக்கூடாது. அதே சூழலில் உள்ள கோபால்ட்டு அயனியின் அடிமட்ட நிலை மூன்று நிலைகள் சேர்ந்தது. சூழலில் சிறிது கோணல் இருந்தாலும் அதன் காந்தப் பண்பு திசைக்குத் திசை பெரிதும் மாற வேண்டும். கிருஷ்ணனின் குழுவினர் அளந்த மதிப்புகள் இந்த எதிர்பார்ப்புக்கு ஒத்திருந்தன. கோபால்ட்டு உப்புகளில் வேறுபாடு பெரிதாகவும், நிக்கல் உப்புகளில் சிறிதாகவும், மாங்கனீசு உப்புகளில் மிக மிகச் சிறிதாகவும் இருந்தது. தாளில் எழுதப்பட்ட குவாண்டம் கொள்கை ஒன்றுக்குப் படிகமே சாட்சி கூறியது எனலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. இவ்வகைப் படிகத்தின் ஒவ்வோர் அலகுக் கூட்டிலும் இரண்டு உலோக அயனிகள் உள்ளன. இரண்டின் எண்முகிகளும் வடிவத்தில் ஒன்றே எனினும், வெவ்வேறு திசைகளில் சாய்ந்துள்ளன. கருவி அளப்பது முழுப் படிகத்தின் மதிப்பை. அது இரண்டின் சராசரி. கொள்கை கூறுவதோ தனியொரு அயனியின் மதிப்பை. படிகத்தின் மதிப்பிலிருந்து தனி அயனியின் மதிப்பைப் பிரித்தறிய வேண்டும் என்பதை வலியுறுத்தி, அதற்கான கணக்கீடுகளைச் செய்தது கிருஷ்ணனின் ஆய்வுகளின் தனிச்சிறப்பாகும்.

மயில்துத்தம்

இந்தச் சிக்கலை நன்கு விளக்கும் எடுத்துக்காட்டு, மயில்துத்தம் என்று நாட்டு வழக்கில் அழைக்கப்படும் நீல நிறச் செப்புச் சல்பேட்டு. கிருஷ்ணனும் முகர்ஜியும் 1930களின் பிற்பகுதியில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். இதன் அணு அமைப்பை பீவர்சு, லிப்சன் ஆகிய இருவர் 1934 ஆம் ஆண்டில் எக்சு கதிர் முறையால் கண்டறிந்திருந்தனர். மயில்துத்தத்தில் ஒரு செப்பு அயனிக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ளன. அவற்றுள் நான்கு மட்டுமே செம்பைச் சுற்றிச் சதுரமாக அமைந்துள்ளன. சதுரத்தின் மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிசன் அணுக்கள் சற்றுத் தொலைவில் நிற்கின்றன. ஐந்தாவது நீர் மூலக்கூறு செம்புடன் நேரடியாகப் பிணையாமல் ஐதரசன் பிணைப்புகளால் தாங்கப்படுகிறது. ஆகவே செம்பைச் சுற்றியுள்ள எண்முகி ஒரு திசையில் நீண்டது.

இங்கும் ஒரு கூட்டில் இரண்டு செப்பு அயனிகள் உள்ளன. அவற்றின் நீண்ட அச்சுகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக அமைந்துள்ளன. தனி அயனியில் நீண்ட அச்சின் திசையில் ஏற்புத்திறன் மிகுதி. மற்ற திசைகளில் குறைவு. செங்குத்தாக அமைந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, இரு அச்சுகளும் கிடக்கும் தளத்தில் எல்லாத் திசைகளிலும் மதிப்பு ஏறத்தாழ ஒன்றாகி விடுகிறது. அத்தளத்துக்குச் செங்குத்தான திசையில் மட்டும் குறைகிறது. படிகத்தை மட்டும் பார்ப்பவர், அச்சுத் திசையில் ஏற்புத்திறன் குறைந்த ஓர் அயனி உள்ளே இருப்பதாகத் தவறாக முடிவு செய்யக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. கிருஷ்ணனும் முகர்ஜியும் காந்த அளவீட்டை எக்சு கதிர் அமைப்புடன் பொருத்திக் காட்டியபோது, இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எலக்ட்ரான் பாரா காந்த ஒத்திசைவு என்னும் புதிய முறை வளர்ந்தது. ஆக்சுபோர்டு ஆய்வாளர்கள் இதே இரட்டை உப்புகளையும் மயில்துத்தத்தையும் எடுத்து ஆராய்ந்தனர். அலகுக் கூட்டில் வெவ்வேறு திசையில் நிற்கும் அயனிகளைப் பிரித்துப் பார்க்கும் அணுகுமுறை அங்கும் அடிப்படையாயிற்று.

கரிமப் படிகங்களும் கிராஃபைட்டும்

டயா காந்தப் படிகங்களிலும் கிருஷ்ணன் இதே முறையைக் கையாண்டார். பென்சீன் வளையங்களைக் கொண்ட மூலக்கூறுகளில், வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் டயா காந்தப் பண்பு மிகுதியாக இருக்கும். எனவே நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களின் காந்த அளவீடுகளிலிருந்து, மூலக்கூறுகள் படிகத்தினுள் எந்தக் கோணத்தில் சாய்ந்துள்ளன என்பதைக் கணக்கிட முடிந்தது. எக்சு கதிர்ப் படிகவியலாளர்களுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது. அவர்களுள் ஒருவரான காத்லீன் லான்சுடேலும் கிருஷ்ணனும் இப்பொருள் குறித்து 1936 ஆம் ஆண்டில் கூட்டாக ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். கிராஃபைட்டு படிகத்தின் மிகப்பெரிய டயா காந்தத் திசையொவ்வாப் பண்பை, அதன் படலங்களில் தடையின்றி உலவும் எலக்ட்ரான்களோடு தொடர்புபடுத்தி, 1941 ஆம் ஆண்டில் என். கங்குலியுடன் இணைந்து எழுதினார்.

1937 ஆம் ஆண்டில் ரதர்போர்டு, வில்லியம் பிராக் ஆகியோரின் அழைப்பின் பேரில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ச்சு காவெண்டிசு ஆய்வகத்திலும் இலண்டன் இராயல் நிறுவனத்திலும் தம் ஆய்வுகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1940 ஆம் ஆண்டில் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அலகாபாத்தில்

1942 ஆம் ஆண்டில் கிருஷ்ணன் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். அங்கு அவருடைய கவனம் திண்மங்களின் கொள்கை இயற்பியலை நோக்கித் திரும்பியது. ஏ. பி. பாட்டியாவுடன் இணைந்து, உலோகங்களின் மின்தடையை அவற்றினுள் எலக்ட்ரான்கள் சிதறுவதைக் கொண்டு விளக்கினார். உருகிய உலோகங்களுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்படி அமைந்தது. 1946 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இவருக்கு சர் பட்டம் வழங்கியது.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு ஜனவரி 4 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய கட்டடத்தை, 1950 ஜனவரி 21 அன்று சர்தார் வல்லபாய் பட்டேல் திறந்து வைத்தார். நீளம், நிறை, காலம், வெப்பநிலை, மின்னோட்டம் முதலியவற்றுக்கான நாட்டின் அளவைத் தரங்களைப் பேணுவது இவ்வாய்வகத்தின் முதன்மைப் பொறுப்பு. மெட்ரிக் அளவை முறைக்கு நாடு மாறிய காலத்தில் இப்பணி மிகவும் இன்றியமையாததாக இருந்தது.

நிருவாகப் பொறுப்புகளுக்கு நடுவிலும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. சூடேற்றப்பட்ட உலோகங்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவது பற்றியும், மின்னோட்டத்தால் சூடாகும் மெல்லிய கம்பியின் நீளத்தில் வெப்பநிலை எவ்வாறு பரவியுள்ளது என்பது பற்றியும் எசு. சி. ஜெயின் முதலியோருடன் ஆராய்ந்தார். 1948 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அணு ஆற்றல் ஆணையத்தின் தொடக்கக் கால உறுப்பினர் மூவருள் இவரும் ஒருவர். மற்றையோர் ஓமி பாபா, சாந்தி சுவரூப் பட்நாகர்.

பிற்கால அணைவு வேதியியலில்

கிருஷ்ணன் ஆராய்ந்த உப்புகளில் உலோகத்தைச் சுற்றி நின்றவை தனித்தனி நீர் மூலக்கூறுகள். பிற்கால வேதியியலாளர்கள், உலோகத்தைத் தாங்கள் விரும்பும் வடிவில் பற்றிக்கொள்ளும் ஈனிகளைத் தாங்களே உருவாக்கத் தொடங்கினர். அவற்றுள் புகழ்பெற்றவை போரானை அடிப்படையாகக் கொண்ட முக்காலி வடிவ ஈனிகள். 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சுவியாடொசுலாவ் டிரோபிமென்கோ இவற்றை அறிமுகப்படுத்தினார்.

இவ்வகை ஈனியில் ஒரு போரான் அணுவுடன் மூன்று பைரசோல் வளையங்கள் பிணைந்திருக்கும். மூன்று வளையங்களின் நைட்ரசன் அணுக்களும் ஒரே பக்கம் நோக்கி நின்று, முக்காலியின் மூன்று கால்களைப் போல, உலோக அயனியின் ஒரு முகத்தைப் பற்றிக்கொள்கின்றன. தேள் இரு கொடுக்குகளால் இரையைப் பிடித்து, வாலை வளைத்துக் கொட்டுவதை ஒத்திருப்பதால், டிரோபிமென்கோ இவற்றுக்குத் தேளைக் குறிக்கும் பெயரையே சூட்டினார். இரண்டு ஈனிகள் இருபுறமும் சேரும்போது ஆறு நைட்ரசன்கள் சூழ்ந்த எண்முகி உருவாகிறது. போரான், உலோகம், போரான் ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, அக்கோடே மூலக்கூறின் முதன்மை அச்சாகிறது.

இச்சேர்மங்களின் இயல்பைப் புரிந்துகொள்ளவும் காந்த அளவீடே முதன்மையான கருவி. எடுத்துக்காட்டாக, எளிய முக்காலி ஈனி இரண்டு சேர்ந்த இரும்பு(II) சேர்மத்தில் அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் அனைத்தும் இணையாகியுள்ளன. பைரசோல் வளையங்களில் மெத்தில் தொகுதிகளைச் சேர்த்தால், அவை ஒன்றையொன்று நெருக்கி ஈனியை உலோகத்திலிருந்து சற்றே விலக்குகின்றன. அதே அறை வெப்பநிலையில் நான்கு எலக்ட்ரான்கள் இணையாகாமல் நிற்கின்றன. குளிர்வித்தால் இவையும் இணையாகின்றன. ஈனியில் செய்யும் சிறு மாற்றம் உலோகத்தின் காந்தப் பண்பை மாற்றுகிறது என்னும் இந்த அறிவு, படிகப்புலக் கொள்கையின் மீது எழுந்தது. மேலும், 1990களிலிருந்து வளர்ந்துள்ள ஒற்றை மூலக்கூற்றுக் காந்தங்கள் பற்றிய ஆய்வில், ஒரு மூலக்கூறு தன் காந்தத் திசையை எவ்வளவு நேரம் தக்கவைத்துக்கொள்ளும் என்பதை முடிவு செய்யும் முக்கிய அளவு, கிருஷ்ணன் குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு அளந்த அதே திசையொவ்வாப் பண்பே ஆகும்.

இயல்புகள்

கிருஷ்ணன் அமைதியானவர் என்றும், நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்றும் அவருடன் பழகியோர் குறிப்பிட்டுள்ளனர். தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் மெய்யியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். நேரு அவரிடம் பெருமதிப்பு வைத்திருந்தார். மாணவர்களின் பெயர்களை ஆய்வுரைகளில் தம் பெயருடன் சேர்த்தே வெளியிட்டார். காந்த ஆய்வுகளில் அவருடன் உழைத்த வங்காள இளைஞர்களின் பெயர்கள் இன்று அறியப்படுவதற்கு இவ்வழக்கமே காரணம்.

விருதுகளும் சிறப்புகளும்

- 1937: பெல்சியம், லியேச்சு பல்கலைக்கழகத்தின் பதக்கம்
- 1940: இலண்டன் இராயல் கழக உறுப்பினர்
- 1946: சர் பட்டம்
- 1949: அலகாபாத்தில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர்
- 1954: பத்ம பூசண் விருது
- 1958: சாந்தி சுவரூப் பட்நாகர் விருது, இவ்விருதைப் பெற்ற முதல் அறிவியலாளர் இவரே

மறைவும் நினைவும்

கிருஷ்ணன் 1961 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தபோதே, தம் 62 ஆவது வயதில் புது தில்லியில் காலமானார். இராயல் கழகத்துக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் காத்லீன் லான்சுடேலும் ஓமி பாபாவும் எழுதினர். அது 1967 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள சாலை அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. பாபா அணு ஆராய்ச்சி மையம் இளம் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரால் ஆய்வுப் பணியிடங்களை வழங்கி வருகிறது.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று பள்ளிகளிலும் அறிவியல் மையங்களிலும் இராமன் விளைவு நினைவுகூரப்படும்போது, கிருஷ்ணனின் பெயர் பெரும்பாலும் துணைப்பெயராகவே இடம்பெறுகிறது. வேதியியல் வகுப்பில் நிக்கல், கோபால்ட்டு அணைவுச் சேர்மங்களின் காந்தப் பண்புகளைக் கற்கும் மாணவர்கள், அப்பாடத்துக்கான அளவீடுகளுள் ஒரு பகுதி வத்திராயிருப்பில் பிறந்த ஒருவர் தலைமையில் செய்யப்பட்டது என்பதைப் பாடநூல்களில் காண்பது அரிது. காந்த வேதியியல் பற்றிய ஆய்வு நூல்களிலோ, ஒற்றைப் படிகங்களின் திசையொவ்வாப் பண்பை அளக்கும் முறைகளை விளக்கும் இடங்களில் கிருஷ்ணனின் பெயர் இன்றும் இடம்பெறுகிறது.